காலிப் பாடவேளை யாருடையது? – சிறிய உயர்நிலைப் பள்ளியின் கால அட்டவணை குறித்துச் சில குறிப்புகள்

1

கல்வி பற்றி நமது சிறுபத்திரிகைச் சூழலில் நிறையப் பேசியாயிற்று. பாடத்திட்டம், பாடநூலுக்குள் இருக்கும் சாதி, பயிற்றுமொழி, தேர்வு எல்லாவற்றையும் விவாதித்திருக்கிறோம். பாடநூலை ஒரு பிரதியாக வைத்துக் கட்டுடைத்துப் பார்த்த அளவுக்கு, தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் கட்டம் போட்ட தாளைப் பிரதியாக வாசிக்க நாம் அதிகம் முயலவில்லை. கால அட்டவணை. பள்ளிக்கூடத்து மொழியில் டைம் டேபிள். "அதுல என்ன சார் இருக்கு, கோடு போட்டு ரொப்புறதுதானே" என்பதுதான் ஆசிரியர்களிடமேகூட இருக்கும் எண்ணம்.

அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியாராக இருப்பதால் அந்தக் கோடு போடும் வேலை பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து ஒரு கருத்தை விவாதத்துக்கு வைக்கிறேன். கால அட்டவணை நேரத்தைப் பங்கிடுகிறது என்று சொல்கிறோம். சிறிய பள்ளியில், அதுவும் நிச்சயமற்ற காலத்தில், அது பங்கிடுவது இல்லாமையை. ஆள் இல்லாத பீரியட் யார் தலையில் விழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. இந்தத் தீர்மானம் கணக்கைப் போலத் தோற்றம் காட்டும் ஓர் அரசியல் செயல்பாடு.

2

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு முதல் பத்து வரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. நடுநிலைப் பள்ளியாக இருந்து தரம் உயர்ந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எனப் பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள், ஒரு தலைமையாசிரியர். நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 5 நாள் என்றால் ஒரு வகுப்புக்கு 40 கட்டம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 200. ஓர் ஆசிரியருக்கு வாரம் 28 என்று போட்டால் ஐவருக்கும் 140. ஹெச்.எம். 10 எடுத்தால் 150. மீதி 50.

இந்த ஐம்பதில் கொஞ்சத்தை நிரப்புகிறவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்றவற்றுக்காக 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசு நியமித்தது. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள். அப்படி இருவர் ஒரு பள்ளிக்கு வந்தால் ஆளுக்கு 12 ஆக 24 கட்டம் நிரம்பும். அப்போதும் 26 கட்டம் வெறுமனே நிற்கிறது.

எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் நல்ல நாளின் கணக்கு இது. ஒருவர் மாறுதல் கலந்தாய்வில் போய்விட்டார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை என்றால் 26 என்பது 54 ஆகும். நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒருவர் போனால் அதே பாடத்துக்கு இன்னும் இருவர் இருப்பார்கள். இங்கே ஒருவர் போனால் ஒரு பாடமே போய்விடுகிறது.

ஆள் போவதற்கான வழிகள் எத்தனை! ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணி நிர்ணயம் செய்வார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார், பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மாற்றுப்பணி, பயிற்சி, தேர்தல் வேலை என்று வருகிற கடிதங்கள் வேறு. தலைமையாசிரியர் பணியிடம் காலியானால் மூத்த ஆசிரியர் 'பொறுப்பு' ஹெச்.எம். ஆகி, அவருடைய 28 பாடவேளையில் பாதி அலுவலகத்துக்கும் ஓட்டத்துக்கும் போய்விடும்.

ஆகவே 'நிச்சயமற்ற காலம்' என்ற சொல்லாடலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில்தான் நிச்சயமின்மை வந்ததுபோலப் பேசுகிறார்கள். சின்னப் பள்ளிக்கு அது என்றுமே இருந்து வந்திருக்கிறது. தொற்றுக்காலம் செய்ததெல்லாம் அந்த நிச்சயமின்மையை நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கும் ஓரளவு அறிமுகப்படுத்தியதுதான்.

3

கால அட்டவணையை அதிகாரத்தின் கருவியாகப் பார்க்கும் பார்வையை நமக்குத் தந்தவர் பூக்கோ. சிறைச்சாலையின் பிறப்பு குறித்து 1975இல் வெளியிட்ட நூலில், மடாலயத்தின் நேர ஒழுங்கு எப்படிப் படைமுகாமுக்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் நகர்ந்தது என்று காட்டினார். அவருக்கு முன்பே, தொழிற்சாலைக் கடிகாரம் உழைப்பாளியின் நேர உணர்வை எப்படி மாற்றியது என்பதை 1967இல் எழுதிய கட்டுரையில் ஈ.பி. தாம்ப்சன் ஆராய்ந்தார். இருவருக்கும் பொதுவான புள்ளி, நவீன அதிகாரம் நேரத்தை நிரப்புகிறது, ஒரு நிமிடத்தையும் வீணாக்க விடாது என்பது.

இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்து நம்ம ஊர்ப் பள்ளியின் மேல் வைத்தால் பொருந்தவில்லை. இங்கே அதிகாரம் நேரத்தை நிரப்புவதில்லை. காலியாக விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நிரப்பப்படாத பணியிடம், வராத சுற்றறிக்கை, வந்த மறுநாளே மாறும் சுற்றறிக்கை. ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே கைவிடும் அதிகாரம் என்ற ஒன்றும் வேலை செய்கிறது. தனியார் பள்ளியில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நெரிக்கப்படும் பிள்ளையும், அரசுப் பள்ளியில் மதியம் முழுக்கச் "சத்தம் போடாம உக்காருங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் ஒரே அமைப்பின் இரண்டு முனைகள்.

ஆனால் காலி என்பது காலியாகவே இருந்துவிடுவதும் இல்லை. யாராவது வந்து அதை நிரப்புவார்கள். முதலில் வருபவர் கிளாஸ் லீடர். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதும் அந்தப் பிள்ளைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆண்ட்ரூ பெல் 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தியபோது, நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையைப் பார்த்து, மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை வளர்த்தெடுத்தார். 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. ஆசிரியர் பற்றாக்குறைக்கும் செலவுக் குறைப்புக்கும் கிடைத்த மலிவான தீர்வு. இங்கிருந்து போனது கண்காணிப்புக் கருவியாகித் திரும்பி வந்து, இன்றும் ஆளில்லாத வகுப்பின் வாசலில் பிரம்போடு நிற்கிறது. கற்பித்தல் கழன்றுவிட்டது, கண்காணிப்பு மட்டும் மிச்சம்.

4

காலி நேரத்தை யார் நிரப்புவது என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒருமுறை தெருவுக்கு வந்து போராட்டமாக வெடித்தது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த 'மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வித் திட்டம். அது வருணாசிரமத்தை மீட்கும் முயற்சி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்ததை அறிவோம். நாம் அதிகம் கவனிக்காதது, வடிவத்தில் அது ஒரு கால அட்டவணை மாற்றம் என்பது.

ஆசிரியர் இல்லை, கட்டடம் இல்லை, பணம் இல்லை. பள்ளி நேரத்தை ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைத்து, கிராமத் தொடக்கப் பள்ளிகளை இரண்டு ஷிப்டாக நடத்தினால் அதே ஆசிரியர், அதே கட்டடத்தில் இரண்டு மடங்குப் பிள்ளைகள். கணக்கு சுத்தமாக இருந்தது. பிரச்சினை மீதிப் பாதி நாளில் இருந்தது. அந்த நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கும் என்றது திட்டம். தோட்டியின் பிள்ளை எதைக் கற்கும், சவரத் தொழிலாளியின் பிள்ளை எதைக் கற்கும், கணக்குப்பிள்ளையின் பிள்ளை எதைக் கற்கும் என்பதற்கு யாரும் தனியாக அரசாணை போட வேண்டியதில்லை. காலி நேரத்தைச் சாதி தானாகவே வந்து நிரப்பிக்கொள்ளும். 1954இல் ராஜாஜி விலக, காமராசர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார்.

பற்றாக்குறையைக் காரணம் காட்டி நேரத்தைப் பாதியாக்கும் எந்த ஏற்பாட்டையும் இந்த வரலாற்றை நினைவில் வைத்தே பார்க்க வேண்டும். மீதிப் பாதி யாருக்குப் போகிறது?

5

தொற்றுக்காலத்தின் தேதிகளை வரிசையாக வைத்தால் நான் சொல்வது விளங்கும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்றார்கள். வருகைப் பதிவேடு மதிப்பெண் பட்டியலாக மாறியது. பூப்பறிக்கப் போனதற்காகப் போட்ட 'ஆ'ப்சென்ட் எல்லாம் மார்க்காகத் திரும்பி வந்து அடித்தது. 2021 ஜனவரி 19இல் பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8இல் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. பிப்ரவரி 25இல் ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோரும் பாஸ் என்ற அறிவிப்பு. மார்ச் 22இல் மீண்டும் மூடல். செப்டம்பர் 1இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, நவம்பர் 1இல் கீழ் வகுப்புகள் திறப்பு. அந்த நவம்பரிலேயே பெருமழை விடுமுறைகள். 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1இல் திறந்தார்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு டைம் டேபிள் போட்டோம்.

2021 செப்டம்பரில் வகுப்பறைக்கு 20 பேர் என்று வரம்பு வைத்தார்கள். ஆளும் அறையும் நிறைய உள்ள பள்ளி, பிரித்து உட்கார வைத்துத் தினமும் நடத்தலாம். எங்களுக்கு அது முடியாது. பத்தாவதில் 38 பேர் இருந்தால் இரண்டு குழு, ஒன்றுவிட்டு ஒருநாள். ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்த வேண்டும். ஆசிரியரின் வேலை நேரம் குறையவில்லை, பிள்ளையின் வகுப்பு நேரம் பாதியானது. 1953இன் கணக்கு, வேறு காரணத்தோடு, திரும்பி வந்திருந்தது. மீதி நாளில் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தேடிப் பார்த்தால் பூந்தோட்டம், செங்கல் சூளை, கட்டட வேலை. பெண்பிள்ளைகள் என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. சிலருக்குக் கல்யாணம்.

குழுவைப் பிரிப்பதில்தான் உண்மையான அரசியல் இருந்தது. மூன்று வழிகளை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார்கள். ஒன்று, வருகைப் பதிவேட்டு வரிசை. அதில் பையன்களும் பெண்களும் தனித்தனியாக இருப்பதால் ஆண்நாள், பெண்நாள் என்றாகும். இரண்டாவது, 'மெல்லக் கற்போர்' தனி, 'மீத்திறன்' தனி. "நல்லா படிக்கிற பசங்களுக்கு வேகமா முடிச்சிடலாம் சார்." இதன் பொருள், மற்றவர்கள் நாள் கூட்டத்துக்காக மட்டும் திறக்கப்படும். மூன்றாவது, பஸ் ரூட்டை வைத்துப் பிரிப்பது. இதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது பாருங்கள்! ஆனால் எங்கள் பக்கத்தில் டவுன் பஸ் ஊர்வழியாக ஒன்று, காலனிவழியாக ஒன்று. பஸ் ரூட் என்று எழுதினால் திங்கள் ஊர்ப் பிள்ளைகள், செவ்வாய் காலனிப் பிள்ளைகள் என்று வாசிக்க வேண்டும். யாரும் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. நினைக்காமலே வேலை செய்வதுதான் சாதியின் திறமை. வசதி என்ற சொல்லுக்குள் அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

கடைசியில் ஆண், பெண் பட்டியலைக் கலைத்துப் பெயரின் முதலெழுத்து வரிசையில் எல்லோரையும் கலந்தோம். நவம்பரில் கீழ் வகுப்புகளும் திறந்தபின் ஒரு திருத்தம் செய்தோம். அக்காவும் தம்பியும் இருந்தால் இருவருக்கும் ஒரே நாள். வேறு வேறு நாளாக இருந்தால், தம்பி வீட்டிலிருக்கும் நாளில் அக்காவும் வீட்டிலிருப்பாள்.

6

இனி, நடைமுறை. இப்படிப்பட்ட பள்ளியில் அட்டவணை போடுகிற நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிழமையை நம்பக் கூடாது. திங்கள் முதல் பீரியடை அசெம்பிளி தின்னும், வெள்ளி கடைசிப் பீரியடைக் கூட்டம் தின்னும், மழை எந்த நாளையும் தின்னும். கிழமைக்கு ஒட்டிய பாடம் கிழமையோடு போய்விடும். கல்லூரிகளில் உள்ளதுபோல நாள் வரிசை வைத்துக்கொள்ளலாம்: நாள் 1 முதல் நாள் 5 வரை. நாள் 3இல் பள்ளி விட்டால், எப்போது திறந்தாலும் அன்று நாள் 4. எந்தப் பாடமும் தனியாக அடிபடாது.

பகுதிநேர ஆசிரியர்கள் கிழமைப்படிதான் வருவார்கள் என்பதால் முழுவதையும் நாள் வரிசையாக்க முடியாது. முற்பகல் நான்கு பாடவேளையை நாள் வரிசையிலும், பிற்பகல் நான்கைக் கிழமை வரிசையிலும் வைத்து, பகுதிநேரத்தவரைப் பிற்பகலில் வரச் சொல்லலாம். முற்பகலில் ஐந்து ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒவ்வொரு பாடவேளையிலும் ஆளுக்கு ஒரு வகுப்பு, காலி கிடையாது. ஐந்து நாள் சுற்றில் ஒரு வகுப்புக்கு 20 கட்டம், பாடத்துக்கு நான்கு. ஒவ்வொரு பாடமும் சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் முதல் பீரியடில் வரும்படி அடுக்கலாம். இது முக்கியம். காலனி பஸ் தாமதமாக வரும் ஊரில் முதல் பீரியட் எப்போதும் கணக்கு என்றால், 'அந்தப் பசங்களுக்குக் கணக்கு வராது' என்ற கட்டுக்கதையை அட்டவணையே உற்பத்தி செய்துவிடும்.

நாள் வரிசை ஐந்தாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அது ஒற்றைப்படை. இரண்டு குழு மாறி மாறி வரும்போது, ஆறு நாள் சுற்று என்றால் முதல் குழுவுக்கு எப்போதும் 1, 3, 5தான் கிடைக்கும். ஐந்து என்றால் 1, 3, 5, 2, 4 என்று பத்து வேலைநாளில் இரு குழுவும் எல்லா நாளையும் கடந்துவிடும். விடுமுறை விழுந்தாலும் பரவாயில்லை.

இப்போது அந்த 26 காலிக் கட்டமும் பிற்பகலில் வந்து நிற்கும். "காலைல தொடர்ந்து நாலு பீரியட் நின்னா கால் என்னத்துக்கு ஆகும்" என்று சக ஆசிரியர் கேட்டார். நியாயம்தான். பிற்பகலில் வாரத்துக்கு 20 கட்டத்தில் 8 மட்டுமே ஆசிரியருக்கு வரும் என்பதைக் காட்டிப் பேசித்தான் ஒப்புக்கொள்ள வைக்க முடியும். விளையாட்டையும் நூலகத்தையும் முதலிலேயே ஆணியடித்துவிட வேண்டும். கடைசியில் வைத்தால் பத்தாவதின் சிறப்பு வகுப்பு அவற்றை விழுங்கிவிடும்.

அடுத்தது இழப்பின் வரிசை. ஓர் ஆசிரியர் போய்விட்டால் எந்த வகுப்பு காலியாக இருக்கும்? எழுதப்படாத விதி, ஆறாம் வகுப்பு. பத்தாவதுக்குப் பொதுத்தேர்வு, ஒன்பதாவது அதற்குத் தயாராகிறது, ஆறாவது 'பாத்துக்கலாம்'. 2021 நவம்பரில் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை, கடைசியாக வகுப்பறையைப் பார்த்தது நான்காம் வகுப்பில். எழுத்துக்கூட்டத் திணறும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் மறுபடியும் காலியை இறக்கினோம் என்றால் நாம் செய்வது என்ன? மாலை 5 முதல் 7 வரை தன்னார்வலர்களைக் கொண்டு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', பகலில் இழந்ததை இரவில் ஈடுகட்டச் சொன்னது. காலியைச் சுழற்சியில் எல்லா வகுப்புக்கும் பங்கிட்டு, அந்த வரிசையை ஜூன் மாதமே எழுதி ஒட்டிவிட வேண்டும். பத்தாவதுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுதும்போதுதான் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப்பார்ப்பார்கள் என்பது என் அனுபவம்.

7

இயக்க நண்பர்கள் சிலர் இதற்கு எதிர்ப்புத் தெரிவிப்பார்கள். "அரசு ஆள் போடலை. நீ அதை அழகா மேனேஜ் பண்றே. இது போராட்டத்தை மழுங்கடிக்கிற வேலை இல்லையா?" இது முக்கியமான கேள்வி. பற்றாக்குறையைச் சாமர்த்தியமாக நிர்வகிப்பது பற்றாக்குறையை நிரந்தரமாக்கும் என்பது 1953இலேயே தெரிந்த விஷயம்.

என் பதில் இதுதான். பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று இன்ஸ்பெக்‌ஷனுக்கு. அதில் 200 கட்டமும் ஏதோ ஒரு பெயரால் நிரம்பியிருக்கும். நன்னெறி, நூலகம், யோகா என்று. இன்னொன்று நடப்பில் உள்ளது, அது தாளில் இருக்காது. முதல் அட்டவணைதான் உண்மையில் போராட்டத்தை மழுங்கடிக்கிறது. எல்லாம் நிரம்பியிருக்கும் தாளைக் காட்டி யாரிடம் ஆள் கேட்பது? ஆகவே காலியைக் காலி என்றே அச்சிட வேண்டும். 'இந்தப் பாடவேளைக்கு ஆசிரியர் இல்லை' என்று கட்டத்துக்குள் எழுத வேண்டும். "கேள்வி வரும் சார்" என்று ஹெச்.எம். பயப்படுவார். வரட்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2022இல் அக்குழுக்கள் பெற்றோரைக் கொண்டு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. குழுக் கூட்டத்தில் பெரும்பாலும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும்தான் பேசப்படுகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் கால அட்டவணையை அங்கே வைத்து, வண்ணம் பூசிய காலிக் கட்டங்களைக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதை வாசித்துவிடுவார். "செவப்பு கட்டம் எல்லாம் எம் புள்ள சும்மா குந்திக்கினு இருக்கிற நேரமா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். பணியிடம் நிரப்பக் கோரும் தீர்மானத்துக்கு அதைவிடத் தெளிவான முன்னுரையை நான் கேட்டதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னைப் பக்கமும், அதே மாதப் பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடியும், 2024இல் பெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளும் பள்ளிகளை மூடின. நிச்சயமின்மை தொடரும். அது யார் மேல் எவ்வளவு விழும் என்பது வானத்திலிருந்து வருவதில்லை, ஜூன் மாதத்தில் ஒரு தாளில் எழுதப்படுகிறது.

இதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் டைம் டேபிளைக் கேளுங்கள். ஒட்டியிருப்பதையும் கேளுங்கள், நடப்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி எழுதுங்கள். அந்தக் கட்டங்களில் எந்தத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கல்வி பற்றிய நமது அடுத்த விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.